‘சார்’ – ஒலி ஒன்று, வேர் வேறு

நமது இதழில் ஸ்தல வரலாறு, பண்டிகை விளக்கம், பெரியோர் சரிதம் எல்லாம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. இந்தத் தடவை ஒரு சின்னச் சொல்லின் சரித்திரத்தை எழுதலாம் என்று தோன்றியது. இரண்டே எழுத்துச் சொல் அது: ‘சார்’.

நான் பல ஆண்டுகளாக செகந்திராபாத்தில் வசிப்பவன். இந்த ஒலி இங்கே ஒரே நாளில் எத்தனை வேஷத்தில் காதில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பால் கொண்டுவருபவர் ‘சார்’ என்று கூப்பிடுகிறார். பஸ் பலகையில் ‘சார்மினார்’. ஹிந்தி பேசும் வியாபாரி ‘சார்’ என்று விரலை மடக்கி நாலு எண்ணுகிறார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி மத்தியானத்துக்கு ‘சாரு’ வைக்கிறாள். வரலக்ஷ்மி விரதக் கதையில் வருகிறவள் சாருமதி. சங்க அழைப்பிதழைப் பிரித்தால் ‘சங்கத்தின் சார்பில்’ என்று ஆரம்பிக்கிறது. இவை எல்லாம் ஒரே குடும்பமா, அல்லது ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்ட அந்நியர்களா?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த நம் குழந்தைகள் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ கல்யாணத்துக்குப் போவார்கள். பந்தியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ‘இன்னும் கொஞ்சம் சாரு’ என்று கேட்டுவிடுவார்கள். உடனே சுற்றி ஒரு சிரிப்பு. ‘பார்த்தியா, தெலுங்கு கலந்த தமிழ்!’ என்று ஒரு சித்தப்பா தீர்ப்பும் சொல்லிவிடுவார். குழந்தை அன்றைக்குப் பேசாமல் சாப்பிட்டுவிடும். அடுத்த தடவை அதே உறவினர்களிடம் இங்கிலீஷில் பேசும். ஒரு சொல்லுக்காகச் சிரித்துவிட்டு ஒரு பாஷையையே கைநழுவ விடுகிறோம். அந்தக் குழந்தை கேட்டது தப்பான தமிழா? அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் ‘சார்’ என்ற ஒலியின் கோத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

பல பாஷைகள் கூடிய ஊர்

இந்த ஆராய்ச்சிக்கு ஹைதராபாத்தைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது. குதுப் ஷாஹி சுல்தான்களின் சபையில் பாரசீகம் கோலோச்சியது. தக்கனி உருதுவில் கவிதை வளர்ந்தது. தெலுங்குப் புலவர்களும் ஆதரிக்கப்பட்டார்கள். 1550 முதல் 1580 வரை ஆண்ட இப்ராஹிம் குதுப் ஷாவைத் தெலுங்குக் கவிகள் ‘மல்கிபராமுடு’ என்று செல்லமாக அழைத்தார்கள். அவருடைய மகன் முஹம்மத் குலி குதுப் ஷா ஹைதராபாத் நகரத்தை நிர்மாணித்து 1591ல் சார்மினாரை எழுப்பினார். 1806ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் கன்டோன்மென்ட் உண்டானது. சென்னை ராஜதானியின் ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். பிறகு ரயில்வே வந்தது, அதன் கூடவே இன்னும் பலர். 1918ல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவையே போதனா மொழியாக வைத்துத் தொடங்கியது. 1948க்குப் பிறகு மத்திய அரசு அலுவலகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் தொழிற்சாலைகளும் வந்தபோது நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறினார்கள். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் சந்நிதியில் நின்றால், இன்றும் ஒரு வரியில் மூன்று பாஷை கேட்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெலுங்கிலும் உருதுவிலும் ‘ச்ச’ என்று அழுத்தி உச்சரிக்கும் எழுத்து வேறு, ‘ஸ’ என்று உச்சரிக்கும் எழுத்து வேறு. நம் தமிழ் எழுத்திலோ இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ‘ச’தான். ஆகையால் ‘ச்சார்மினார்’ என்பதன் ‘ச்சார்’, ‘ஸார்’ என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல் இரண்டும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. நம் பாட்டனார் காலத்துப் பத்திரிகைகளில் ‘ஸார்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘ஸ’ போனபிறகு குழப்பம் பூர்த்தியாயிற்று.

நாலு என்ற ‘சார்’

சார்மினாரின் ‘சார்’ பாரசீகம். முழு வடிவம் ‘சஹார்’. அது சுருங்கி ‘சார்’. நாலு மினார் உள்ள கட்டடம் சார்மினார். அதற்கு வடக்கே நாற்புறமும் நிற்கும் நாலு பெரிய வளைவுகளுக்கு சார்கமான் என்று பெயர். ‘கமான்’ என்றால் வில். வில்போல் வளைந்த தோரணவாயிலுக்கும் அதே பெயர். ஹிந்தியிலும் உருதுவிலும் எண்ணுகிற ‘சார்’ பாரசீகத்திலிருந்து இரவல் வாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸம்ஸ்கிருத ‘சத்வார:’ பிராகிருதத்தில் ‘சத்தாரி’ ஆகி, அதுவே தேய்ந்து ‘சார்’ ஆயிற்று. பாரசீகச் சொல்லும் ஹிந்திச் சொல்லும் அப்பா பிள்ளை அல்ல. ஒரே பாட்டனாரின் பேரன்கள். தனித்தனி ஊரில் வளர்ந்தும் முகஜாடை ஒன்றாக அமைந்துவிட்டது.

அந்தப் பாட்டனாரின் வம்சம் பெரியது. சதுர்த்தி, சதுரம், சதுரங்கம் எல்லாம் அந்த வம்சமே. சோழர் காலத்தில் அந்தணர்களுக்குக் கொடுத்த ஊர்கள் ‘சதுர்வேதிமங்கலம்’ எனப்பட்டன. குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்தரமேரூரும் ஒரு சதுர்வேதிமங்கலம். அதே ‘சதுர்வேதி’ வடக்கே தேய்ந்து ‘சௌபே’ ஆயிற்று. ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் உள்ள ‘சௌ’வும் நாலுதான், நாலு மாளிகைகள் என்று பொருள். லத்தீனில் இந்தச் சொல் ‘குவாத்துவோர்’ ஆனது. அதிலிருந்து பிறந்தது ‘குவார்ட்டர்’, அதாவது காற்பங்கு. ஊரின் ஒரு பகுதி என்ற அர்த்தத்திலிருந்து தங்குமிடம் என்ற அர்த்தம் வந்து, நம்மில் பலர் வாழ்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆயிற்று. காதுக்கு ‘குவார்ட்டர்ஸ்’ எங்கே, ‘சார்’ எங்கே! ஆனால் ரத்த சம்பந்தம் இருக்கிறது. ஆங்கில ‘ஃபோர்’ கூட அதே குலம்.

1786ல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் பேசிய பேச்சு புகழ்பெற்றது. ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த மூலம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார். சதுர், சஹார், குவாத்துவோர் என்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அவர் சொன்னதன் நியாயம் விளங்கும்.

பெரியவர் என்ற ‘சார்’

மரியாதைக்குச் சொல்லும் ‘சார்’ ஆங்கிலேயர் கொண்டுவந்தது. லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். ‘செனியோர்’ என்றால் அவரிலும் மூத்தவர். அது பிரெஞ்சில் ‘சீர்’ என்று குறுகி, ஆங்கிலத்தில் ‘ஸர்’ ஆயிற்று. நாம் ‘சீனியர்’ என்று சொல்வதும் அதே சொல். ஆகவே ‘சார்’ என்று கூப்பிட்டால் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். ‘சீனியர் சார்’ என்று அலுவலகத்தில் சொல்வது ‘பெரியவர் பெரியவரே’ என்று சொன்னதாகும்! ஸம்ஸ்கிருதத்தில் ‘ஸன’ என்றால் பழமையான என்று பொருள். அதிலிருந்து வந்தது ‘ஸநாதன’. லத்தீன் ‘செனெக்ஸ்’, ஸம்ஸ்கிருத ‘ஸன’ இரண்டும் ஒரே வேரின் கிளைகள் என்று மொழியியலார் நிறுவியிருக்கிறார்கள். ஆக, ஆட்டோ ஓட்டுநர் நம்மைக் கூப்பிடும் ‘சார்’ என்ற சொல்லுக்கும் ‘ஸநாதனம்’ என்ற சொல்லுக்கும் தூரத்து உறவு உண்டு.

இந்த ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழர்கள் இரண்டாக்கிக் கொண்டது ஒரு சுவாரஸ்யம். அரசாங்கம் கொடுத்த பட்டத்துக்குக் குறில்: சர் சி.வி. ராமன், சர் சி.பி. ராமசாமி அய்யர். வாயால் கூப்பிடுவதற்கு நெடில்: சார். 1908 செப்டம்பரில் மூஸி நதி வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடிய பிறகு, ஊரைக் காக்க வழி சொல்ல 1909ல் வந்தவர் விசுவேஸ்வரய்யா. உஸ்மான் ஸாகரும் ஹிமாயத் ஸாகரும் அவருடைய யோசனையின் பலன். அவர் வந்தபோது ‘சார்’ மட்டுமே. 1915ல்தான் ‘சர்’ ஆனார். சுதந்திர பாரதத்தின் அரசியல் சாசனம் 18ஆம் ஷரத்தின்படி பட்டங்களை ஒழித்துவிட்டது. ‘சர்’ போயிற்று, ‘சார்’ மட்டும் அசையவில்லை. 2006ல் அகில இந்திய பார் கவுன்சில், நீதிபதிகளை ‘மை லார்ட்’ என்று அழைக்கும் பழைய வழக்கத்துக்குப் பதில் புது விதி செய்தபோது, கீழ்க் கோர்ட்டுகளில் ‘சார்’ என்றோ அதற்கு இணையான பிராந்திய மொழிச் சொல்லாலோ அழைக்கலாம் என்றது. நானூறு வருஷ அரசியலில் அடிபட்டும் ஜனநாயகத்தில் நிலைத்த சொல் இது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாரசீகத்தில் ‘ஸர்’ என்றால் தலை. சர்தார், சர்க்கார், சர்பஞ்ச் எல்லாவற்றிலும் உள்ளது அந்தத் தலை. ஸம்ஸ்கிருத ‘சிரஸ்’ அதன் உடன்பிறப்பு. 1766ல் நிஜாம் அலி ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த கரையோர ஜில்லாக்களுக்கு ‘வட சர்க்கார்’ என்று பெயர் இருந்ததை நினைவுகூரலாம். இந்தச் ‘சர்’ வேறு, பட்டம் ‘சர்’ வேறு. நிஜாமின் சொந்த நிலங்களுக்கு ‘ஸர்ஃப்-ஏ-காஸ்’ என்று பெயர். அந்த ‘ஸர்ஃப்’ அரபு மொழி, செலவு என்று அர்த்தம். அதுவும் வேறு. ருஷ்யாவின் ‘ஜார்’ ரோமாபுரி ‘ஸீஸர்’ பெயரின் சிதைவு. அதே ஸீஸர் ஜெர்மனியில் ‘கைஸர்’ ஆகி, உருதுவில் ‘கைஸர்’ என்றே வந்து, 1877 டில்லி தர்பாரில் விக்டோரியா ராணிக்கு ‘கைஸர்-ஏ-ஹிந்த்’ பட்டமாயிற்று. பழைய ஹைதராபாத்துக்காரர்கள் மரியாதைக்குச் சொல்லும் ‘ஸாப்’ அரபு ‘ஸாஹிப்’; அதன் முதற்பொருள் தோழர். ஒருவர் நம்மை ‘பெரியவரே’ என்கிறார், இன்னொருவர் ‘தோழரே’ என்கிறார். நாம் இரண்டுக்கும் தலையாட்டுகிறோம்.

சமையலறையின் ‘சாரு’

இப்போது பந்திக்கு வருவோம். தெலுங்கில் ரசத்துக்கு ‘சாரு’ என்று பெயர். கன்னடத்தில் ‘ஸாரு’, பெங்களூர் அன்பர்களுக்கு ‘திளிசாரு’ம் ‘பஸ்ஸாரு’ம் தெரிந்திருக்கும். மலையாளத்தில் ‘சாறு’ என்றால் பிழிந்த சாறு, கறியின் நீர்ப்பகுதி. தமிழில் ‘சாறு’ கரும்புச் சாறாகவும் எலுமிச்சைச் சாறாகவும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், ‘சாறு’ என்ற சொல்லுக்கு மிளகு ரசம் என்ற பொருளும் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் ‘சாறு’ என்றால் விழா என்றும் ஓர் அர்த்தம் உண்டு. விழா என்றால் விருந்து, விருந்து என்றால் ரசம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அகராதிக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறார்கள். நாமும் அப்படியே வைப்போம்.

பரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் சேர்ந்து 1961ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, தமிழ் சாறு, மலையாள சாறு, கன்னட ஸாரு, தெலுங்கு சாரு எல்லாவற்றையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகச் சேர்த்து வைக்கிறது. எழுத்து மட்டும் ஏன் மாறியது? தமிழில் வல்லின ‘ற’, தெலுங்கில் சாதாரண ‘ர’. பழைய தெலுங்கிலும் வல்லின ‘ற’ இருந்தது; அதை ‘பண்டி ர’ என்பார்கள். காலப்போக்கில் அந்த எழுத்து வழக்கொழிந்து ‘ர’வோடு கலந்தது. கன்னடத்திலும் அதே கதி. இது ஏதோ ஒரு சொல்லில் நடந்த விபத்து அல்ல, ஒழுங்காக நடந்த மாற்றம். நம்முடைய ஆறு என்ற எண் தெலுங்கில் ‘ஆரு’, நூறு ‘நூரு’, ஊறுகாய் ‘ஊரகாய’. நம்முடைய ‘வேர்’, ‘வேறு’ என்ற இரண்டு சொற்களும் தெலுங்கில் ஒரே ‘வேரு’ ஆகிவிட்டன. ஆகவே ‘சாறு’ தெலுங்கில் ‘சாரு’ ஆவது சட்டப்படி சரி.

உச்சரிப்பும் ஒரு சாட்சி. தெலுங்குக்காரர்கள் ரசத்தைச் சொல்லும்போது நாக்கு நுனி பல்லைத் தொட்டு, ‘த்ஸாரு’ என்பதுபோல் சொல்வார்கள். ஸம்ஸ்கிருதச் சொல்லான ‘சாரு’வை, அதாவது அழகு என்ற பொருளுள்ளதை, ‘ச்சாரு’ என்று அண்ணத்தில் வைத்துச் சொல்வார்கள். சி.பி. பிரவுன் 1852ல் வெளியிட்ட தெலுங்கு அகராதியில் இந்த இரண்டு உச்சரிப்புக்கும் வேறு குறி இட்டிருக்கிறார். அடுத்த தடவை உங்கள் தெலுங்குச் சிநேகிதரைச் ‘சாரு’ என்றும் ‘சாருமதி’ என்றும் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் காதுக்கே புரியும்.

சரி, நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? ஐயர் வீட்டில் ‘ரசம்’. அது ஸம்ஸ்கிருதம், அதற்கும் சாறு என்றுதான் பொருள். ஐயங்கார் வீட்டில் ‘சாத்தமுது’. இதைச் சிலர் சாதத்தோடு சேர்த்துப் பொருள் சொல்கிறார்கள். உண்மையில் இது ‘சாற்றமுது’. சாறு, அமுது இரண்டும் சேர்ந்த சொல். ஆறு என்பது ‘ஆற்று’ ஆவதுபோல் சாறு ‘சாற்று’ ஆகிறது; பேச்சில் ‘ற்ற’ என்பது ‘த்த’ ஆகிறது, காற்று ‘காத்து’ ஆவதுபோல். குழம்பை ‘குழம்பமுது’ என்றும் காயை ‘கறியமுது’ என்றும் சொல்லும் அதே வரிசையில் உள்ளது இது. கோயில் தளிகையிலும் வைஷ்ணவக் குடும்பங்களிலும் பழந்தமிழ்ச் சொல் ஒன்று சத்தமில்லாமல் உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் ‘மிளகுத்தண்ணீர்’ என்பதை ‘மல்லிகட்டானி’ என்று கொண்டுபோனான். அவன் காதில் விழுந்ததும் இதே கிண்ணத்தைப் பற்றிய தமிழ்தான்.

ஆக, பந்தியில் ‘சாரு’ என்று கேட்ட ஹைதராபாத் குழந்தை சொன்னது தப்பே அல்ல. தெலுங்கு வாசலால் வந்தாலும் அது நம் சாற்றமுதின் கூடப் பிறந்த சொல். அதைக் கேட்டுச் சிரித்தவர் ‘ரசம்’ சுத்தத் தமிழ் என்று எண்ணியிருந்தால், அவருடைய சொல்தான் வேறு வீட்டிலிருந்து தத்து வந்தது. தத்துப் பிள்ளை குறைந்த பிள்ளை என்று நான் சொல்லவில்லை. ரசம் நம் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. கூடப் பிறந்தவளை அந்நியள் என்று தள்ளாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆசாரமும் அசாரும்

ஸம்ஸ்கிருதத் தரப்பிலும் இந்த ஒலிக்குப் பல வேர்கள் இருக்கின்றன. ‘ஸாரம்’ என்றால் சத்து. இதன் பொருள் ‘சாறு’ என்பதற்கு மிக அருகில் வருவதால் இரண்டும் ஒன்றென்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ‘ற’ குறுக்கே நிற்கிறது. ஸம்ஸ்கிருத ‘ர’வைத் தமிழ் வல்லின ‘ற’வாக எடுத்துக்கொள்வது வழக்கம் இல்லை, ‘ஸாரம்’ தமிழில் ‘சாரம்’ என்றே வந்திருக்கிறது. பம்பாய் அன்பர்கள் தக்காளி ‘ஸார்’ சாப்பிட்டிருப்பார்கள். அது ஸம்ஸ்கிருத ஸாரமா, கன்னட ஸாருவா என்று இரு கட்சியும் வாதாடலாம். மராத்தி எழுத்தில் வல்லின ‘ற’ இல்லாததால் அந்த எழுத்து யாருக்கும் சாட்சி சொல்லாது.

‘சர்’ என்ற தாதுவுக்கு நடத்தல், திரிதல் என்று அர்த்தம். ஆசாரம், ஆசார்யர், விசாரணை, பிரசாரம், சஞ்சாரம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘சரித்திரம்’ என்ற சொல்லும் அதிலிருந்துதான். அதே வேர் லத்தீனில் ‘கொலெரெ’ ஆகி, நிலத்தை உழுது பண்படுத்துதல் என்ற பொருளில் ‘கல்ச்சர்’ என்ற சொல்லைப் பெற்றது. ‘ஆசாரம் என்பது வேறு, கல்ச்சர் என்பது வேறு’ என்று வீட்டில் இளைஞர்களும் பெரியவர்களும் விவாதிக்கும்போது, இரண்டு சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்று மத்தியஸ்தம் செய்யலாம்!

உருதுவில் ‘அசார்’ என்றால் ஊறுகாய். அது பாரசீகம்; ஆசாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உருதுவிலேயே ‘சாரா’ என்று இரண்டு சொற்கள். ஒன்று மாட்டுத் தீவனம். மேயும் பொருளில் அந்தச் ‘சர்’ தாதுவைச் சேர்ந்தது. இன்னொன்று பாரசீகம், பரிகாரம் என்று அர்த்தம். பரிகாரம் இல்லாதவன் ‘பேசாரா’. ஹைதராபாத்தில் யாரையாவது ‘பேசாரா’ என்று இரக்கப்பட்டால், தீவனம் இல்லாதவன் என்று எண்ணிவிடக் கூடாது.

கோத்திரம் பார்க்கும் முறை

இத்தனை சொல்லக் காரணம், இப்போது கைபேசியில் தினமும் சொல்லாராய்ச்சி வருகிறது. ஒருவர் உலக மொழிகள் எல்லாம் ஸம்ஸ்கிருதத்திலிருந்து வந்தன என்று ஐம்பது சொற்களை அனுப்புகிறார். இன்னொருவர் எல்லாம் தமிழிலிருந்து வந்தன என்று அறுபது அனுப்புகிறார். இரண்டு பேரும் செய்வது ஒன்றுதான்: ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது. நம்மில் கல்யாணம் பேசும்போது பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக சகோத்திரம் என்று சொல்லிவிடுகிறோமா? ரிஷி யார், பிரவரம் என்ன என்று கேட்கிறோம். சொல்லுக்கும் அப்படிக் கேட்க வேண்டும்.

முதலாவதாக, அந்தச் சொல்லை அண்டை மொழியின் எழுத்தில் பாருங்கள். தமிழில் ஒன்றாகத் தெரிவது தெலுங்கிலோ உருதுவிலோ இரண்டாகப் பிரியும். தெலுங்கில் கலந்துவிட்டது தமிழில் ‘ர’, ‘ற’ என்று பிரியும். இரண்டாவதாக, ஒலி மாற்றம் ஒரு சொல்லில் மட்டுமா, பல சொற்களில் வரிசையாக வருகிறதா என்று பாருங்கள். ஆறு, நூறு, ஊறுகாய் போல வரிசை கிடைத்தால் அது நியதி, கிடைக்காவிட்டால் தற்செயல். மூன்றாவதாக, சொல் எந்தக் காலத்தில் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று பாருங்கள். 1591ல் பாரசீகம் பேசும் சபையில் பெயரிடப்பட்ட கட்டடத்துக்குத் தமிழ் வேர் தேடுவது வீண்.

இந்த முறை ஏதோ மேல்நாட்டு மந்திரம் அல்ல; இதற்குச் சென்னையிலேயே பழைய அஸ்திவாரம் இருக்கிறது. தெலுங்கு ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்றுதான் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் ஒரு காலத்தில் கருதினார்கள். 1816ல் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் துரை ஒரு முன்னுரை எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசையாக அடுக்கி, இவை ஒரு தனிக் குடும்பம் என்று அதில் காட்டினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இருந்த பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்களின் உழைப்பு அதற்குத் துணைநின்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து, 1856ல். நம் காலத்தில் அந்தப் பணியை ஹைதராபாத்திலிருந்தே செய்தவர் பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. உஸ்மானியாவில் மொழியியல் போதித்து, பின்னர் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். தெலுங்கு வினை வேர்களைப் பற்றி 1961ல் அவர் வெளியிட்ட நூலும், திராவிட மொழிகளைப் பற்றி 2003ல் வெளியிட்ட நூலும் உலகம் முழுவதும் படிக்கப்படுகின்றன. 2012ல் காலமானார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவரைப் போன்றவர்களின் உழைப்பால்தான் நம் சாற்றமுதின் கோத்திரமும் தெளிவாகிறது.

கடைசியாக, நம் சொந்தச் ‘சார்’

தமிழில் ‘சார்’ என்பது ஒரு வினை. சாய்ந்திருத்தல், அடுத்திருத்தல், சேர்ந்திருத்தல் என்று பொருள். சார்ந்தவர், சார்பு, சார்பில் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இலக்கணத்தில் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் தொல்காப்பியர் சார்ந்து வரும் எழுத்துகளாக வைத்தார். தனித்து நிற்காமல், இன்னோர் எழுத்தை அடுத்தே அவை ஒலிக்கும். பாரசீக நாலு, லத்தீன் பெரியவர், தெலுங்கு ரசம் எதற்கும் இந்தச் சொல்லோடு உறவு கிடையாது. ஆனாலும் ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. நாமும் ஒரு மொழியை அடுத்து இன்னொரு மொழி பேசி வாழ்கிறவர்கள். சார்ந்து இருப்பது குறை அல்ல. எதைச் சார்ந்தோம், எது நம்முடையது என்று தெரியாமல் இருப்பதுதான் குறை.

பம்பாய், டில்லி, பெங்களூர், பாலக்காடு என்று எங்கெங்கோ இருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுச் சமையலறையிலும் பூஜை அறையிலும் புழங்கும் சொற்களை, முக்கியமாக உறவினர்கள் கேலி செய்யும் சொற்களை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். யார் சொன்னார்கள், எந்த ஊர்ப் பூர்வீகம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். சாத்தமுது என்று இயல்பாகச் சொல்லும் பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. நோட்டில் ஏறிய சொல்லை அடுத்த கல்யாணப் பந்தியில் குழந்தைகள் தைரியமாகச் சொல்லிக் கேட்கட்டும். பரிமாறுகிறவருக்கு அர்த்தம் தெரியாவிட்டால், சொல்லிக்கொடுக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.